தொள்ளாயிரம் பேர் மோரில் என் பெருங்காயம்

போன மாதம் சேகர் போன் செய்தான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த தொழிற்சாலை கேன்டீனில் இப்போது அவன்தான் சரக்கு மாஸ்டர். சாம்பார், ரசம், குழம்பு, மோர் என்று சோற்றுக்கு ஊற்றுகிற அத்தனைக்கும் பொறுப்பானவரை எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வோம். நான் விட்டுவந்த கரண்டி அவன் கையில் இருக்கிறது.

"மாஸ்டர், புதுசா வந்த மேனேஜர் கேக்கறாரு. நம்ம ஸ்டோர்ல டப்பா பெருங்காயம் ஏன் வாங்கறதே இல்லன்னு. ஏகாம்பரம் மாஸ்டர் காலத்துலேர்ந்தே அப்டித்தான் சார்னு சொன்னேன். அதுக்குக் காரணம் இன்னான்றாரு. எனக்கு இன்னா தெரியும்?"

"ஏன்டா, ஆறு வருசம் எம்பக்கத்துலயே நின்னுகினு இருந்தியே, ஒருநாளாவது கேட்டியா?"

"நீ வாங்காதன்ன. நான் வாங்கல. உன்னை எதிர்த்துக் கேட்டுட்டு எவன் திட்டு வாங்கறது?"

அதுவும் நியாயம்தான். எனக்கு முன்கோபம் அதிகம். கேன்டீனில் கரண்டி பறக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. இரண்டு தடவைதான் பறந்தது, அதையே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எப்படியோ, சேகர் கேட்டதைப் போனில் சொல்லி முடிக்க முடியாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். என்னுடைய தப்பு என்பதால் என் கையாலேயே எழுதுவதுதான் மரியாதை.

எனக்குத் திருவேற்காடு. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்த நிலங்கள் மனையாகிற காலத்தில் நான் பாத்திரம் கழுவ கேன்டீனுக்குள் நுழைந்தேன். அப்புறம் காய் நறுக்கினேன், மாவு ஆட்டினேன், டீ போட்டேன். சரக்கு மாஸ்டர் இரண்டு நாள் வராமல் போனதில் மூன்றாம் நாள் சாம்பார் என் தலையில் விழுந்தது. அதிலிருந்து நான்தான்.

எங்கள் மேனேஜர் தணிகாசலம் சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பதினொன்றரை மணிக்குக் கையில் ஒரு எவர்சில்வர் டம்ளரோடு வருவார். அதில் சாம்பாரை ஊற்றி வாங்கிக்கொண்டு, அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, காபி குடிப்பதைப்போல நிதானமாகக் குடிப்பார். நன்றாக இருந்தால் டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். இல்லையென்றால் மீதிச் சாம்பாரோடு டம்ளரை என் மேடை மேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒரு வார்த்தை இருக்காது. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அந்த அரை டம்ளர் சாம்பாரிடம் என்ன பேசுவது?

முதல் இரண்டு மாதம் டம்ளர் மேடையிலேயே நின்றது. அப்புறம்தான் நான் பெருங்காயத் தண்ணியைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். வேலை முடிந்து கிளம்பும்போது டப்பாவில் வருகிற கட்டிப் பெருங்காயத்தை உடைத்து ஒரு சட்டி வெந்நீரில் போட்டு மூடிவிடுவேன். காலையில் அது கரைந்து கூழாக இருக்கும். துவரம்பருப்பு வெந்து மசிந்து, புளித்தண்ணியின் பச்சை வாசனை போய், பொடி சேர்ந்து ஒரு கொதி வந்து, அடுப்பை அணைத்ததற்கு அப்புறம்தான் இந்தத் தண்ணியை ஊற்ற வேண்டும். ஊற்றின கையோடு மூடி போட்டுப் பத்து நிமிடம் யாரும் திறக்கக் கூடாது. அதற்கப்புறம் திறந்தால் மெஷின் ஷெட் வரைக்கும் மணக்கும். ரசத்துக்கும் அதேதான். இஞ்சி, கறிவேப்பிலை, உப்பு போட்டுக் கலக்கின மோர் அண்டாவிலும் கடைசியாக இரண்டு கரண்டி. தொள்ளாயிரம் பேர் சாப்பிடுகிற கேன்டீனில் மோருக்கு இரண்டாம் முறை வரிசை நின்றது என் காலத்தில்தான். தணிகாசலம் சாரும் டம்ளரைக் கழுவ ஆரம்பித்தார்.

இப்படி நான் தலைகால் தெரியாமல் இருந்த காலத்தில்தான் தேன்மொழி வந்தாள். கள்ளக்குறிச்சிப் பக்கம் ஊர். கொரட்டூரில் நாலு பெண்கள் சேர்ந்து அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். மெல்லிய ஒயர்களைப் பலகையில் பொருத்துகிற லைனில் பயிற்சியாளர். ஒல்லியாக இருப்பாள், வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை போட்டிருப்பாள். முதல் நாளே கவுன்ட்டருக்கு வந்து கேட்டாள்.

"அண்ணா, இதுல கோதுமை இருக்குதுங்களா?"

"சாம்பார்ல ஏதும்மா கோதுமை? நல்லா கேட்ட போ!"

அடுத்த நாள் ரசத்துக்குக் கேட்டாள். அதற்கடுத்த நாள் பொரியலுக்கு. நாலாம் நாள் மறுபடியும் சாம்பாருக்கு. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "இன்னாம்மா, தெனம் கேட்டா மாறிப்பூடுமா? என் தல மேல சத்தியம், என் அண்டாவுல கோதுமை இல்ல" என்று கத்தினேன். அவள் தலையை ஆட்டிவிட்டுத் தட்டை நீட்டினாள். அந்தச் சத்தியத்தை நம்பித்தான் அவள் சாப்பிட்டாள்.

அவளுக்கு இருந்தது சீலியாக் என்கிற நோய். கோதுமையில் குளூட்டன் என்று ஒரு சத்து இருக்கிறது. பரோட்டா மாவை இழுத்தால் ரப்பர் மாதிரி வருகிறதே, அதற்குக் காரணமே அதுதான். சிலருடைய உடம்பு அதை எதிரியாக நினைத்துக்கொண்டு, சண்டை போடுகிற வேகத்தில் தன் குடலையே புண்ணாக்கிக்கொள்ளும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. சிலருக்குத் தோலிலும் வரும். முழங்கை, முழங்கால், பின்கழுத்து என்று கொத்துக் கொத்தாகக் கொப்புளம், உயிர் போகிற அரிப்பு. தேன்மொழிக்கு இரண்டும் இருந்தது. படர்தாமரை என்று வருடக்கணக்காகக் களிம்பு தடவி, கடைசியில் ஒரு பெரியாஸ்பத்திரி டாக்டர் தோலில் துளி எடுத்துப் பரிசோதித்துக் கண்டுபிடித்திருக்கிறார். மருந்தைவிட முக்கியம் சாப்பாடு. கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எதுவும் வாயில் படக் கூடாது, ஆயுசுக்கும்.

நமக்கு அரிசிச் சோறுதானே, இதில் என்ன கஷ்டம் என்றுதான் நானும் நினைத்தேன். இதெல்லாம் எனக்குத் தெரியவந்ததே அவள் வேலைக்கு ஆபத்து வந்த பிறகுதான். சேர்ந்த சில மாதத்தில் கொப்புளம் கிளம்பி, வயிறு உப்பி, இரண்டு மாதம் ஊரில் போய்ப் படுத்துவிட்டாள். அங்கே நன்றாகத் தேறித் திரும்பி வந்தாள். மூன்றே வாரத்தில் மறுபடியும் முழங்கை சிவந்தது. அலுவலகத்தில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள்: இன்னொரு முறை நீண்ட விடுப்பு எடுத்தால் பயிற்சியை அத்தோடு முடித்துக்கொள்ள வேண்டியதுதான், நிரந்தரம் என்கிற பேச்சே கிடையாது.

லைனில் வேறு ஒரு தொல்லை. அங்கே சீனியர் பரிமளா. ஆவடிக்காரி, நல்ல மனசு, வாய்தான் ஊருக்குக் கேட்கும். தேன்மொழி கையைப் பார்த்ததும் பயந்துவிட்டாள். "எனக்கு ஊட்ல கைக்கொயந்த கீது. ஒட்டிக்கினா யாரு பாக்கறது? நீ அந்தாண்ட குந்துமா" என்று சொல்லிவிட்டாள். கம்பெனி டாக்டர் ஒட்டாது என்று சொல்லியும் கேட்கவில்லை. பரிமளா எழுந்தால் லைனே எழுந்துவிடும். எட்டுப் பேர் உட்காருகிற மேசையில் தேன்மொழி ஒருத்தி மட்டும் உட்கார்ந்து சாப்பிடுவதை நான் கவுன்ட்டரிலிருந்து பார்த்தேன். எனக்கே சோறு இறங்கவில்லை.

தணிகாசலம் சார் என்னைக் கூப்பிட்டு, "ஏகாம்பரம், அந்தப் பொண்ணு நம்ம சாப்பாட்டைத்தான் சாப்பிடுது. எங்கேயோ நம்மகிட்டதான் இருக்கு. தேடுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தேடினேன். தேடினால் கிடைத்துக்கொண்டே இருந்தது! தோசை முறுகலாக வர வேண்டுமென்று தோசை மாஸ்டர் மாவில் கைப்பிடி ரவை போடுகிறார். குருமா கெட்டியாக மைதா கரைத்து விடுகிறார்கள். சாயங்காலம் சப்பாத்தி போட்ட கல்லிலேயே காலையில் தோசை. எல்லாம் மற்றவர்கள் பார்க்கிற வேலை. எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். ஒவ்வொருவரையும் நிற்க வைத்துத் திட்டினேன். "பார்த்தீங்களா சார், நம்ம அடுப்பு மட்டும் சுத்தம்" என்று மார்தட்டினேன்.

தேன்மொழி அதற்கு மேல் கேன்டீன் சாப்பாடே வேண்டாமென்று, கொரட்டூர் அறையிலிருந்து சோறும் பருப்பும் கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தாள். அப்படியும் கொப்புளம் அடங்கவில்லை. கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. ஒருநாள் சார் அவளைச் சமையலறைக்கே வரச் சொன்னார். அவளிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது. தினமும் வாயில் போட்டது அத்தனையும் எழுதி, அரிப்பு வந்த நாளில் சிவப்புப் புள்ளி வைத்திருந்தாள். ஊரில் இருந்த இரண்டு மாதத்தில் பின்பாதியில் புள்ளியே இல்லை. இங்கே பக்கத்துக்குப் பக்கம் புள்ளி.

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூட்டை மேல் உட்கார்ந்து நோட்டைப் படித்தார். "இதென்ன, தினமும் மதியம் மோர்னு போட்டிருக்கு?"

"அது மட்டும் இங்கதான் சார் வாங்கிக்குவேன். அண்ணன் மோரு ரொம்ப நல்லா இருக்கும். மோர்ல என்னா இருக்கப்போவுது?"

"ஊர்ல மோர் குடிக்கலையா?"

"தெனம் குடிச்சேனே சார். எங்கம்மா உப்பு மட்டுந்தான் போடுவாங்க. எங்க வீட்டுல பெருங்காயம் சேக்கிறதே இல்ல. எல்லாத்துக்கும் பூண்டுதான்."

சார் என்னைப் பார்க்கவில்லை. "அந்தப் பெருங்காய டப்பாவைக் கொண்டாங்க" என்றார் மெதுவாக. நான் கொண்டுபோனேன். பல வருடமாக அந்த டப்பாவை உடைத்துக் கொட்டியிருக்கிறேன். காலி டப்பாவில் ஆணி போட்டு வைத்திருக்கிறேன், என் பெண்ணுக்கு உண்டியல் செய்து கொடுத்திருக்கிறேன். முன்பக்கத்துப் படத்தைத் தவிர எதையும் பார்த்ததில்லை. சார் அதைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கம் எறும்பு போலிருந்த எழுத்தைப் படித்தார். கருவேலம் பிசின். கோதுமை மாவு. அப்புறம்தான் பெருங்காயம்.

அசல் பெருங்காயம் மரப்பிசின் மாதிரி ஒரு பிசின். அப்படியே போட்டால் காரம் தாங்காது, கையாளவும் வராது என்று மாவைக் கலந்து கட்டியாக்குகிறார்கள். அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை, டப்பாவிலேயே போட்டிருக்கிறார்கள். படிக்காதது நான். சாம்பார், ரசம், மோர் என்று ஒன்று விடாமல் அந்தப் பெண்ணுக்குக் கோதுமை மாவைக் கரைத்துக் கரைத்து ஊற்றியதும் நான்தான். அதுவும் தலையில் சத்தியம் செய்துவிட்டு.

"நான்தாம்மா. நாந்தான் உனக்கு ஊத்திகினு இருந்தேன். என்னை செருப்பால அடி" என்றேன்.

அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அண்ணா, நான் எல்லாத்தையும் விட்டும் அடங்கலன்னதும், இனிமே எனக்குச் சோறே ஒத்துக்காதுன்னு நெனச்சிட்டேன். ராத்திரியெல்லாம் அதே பயம். பெருங்காயந்தானா? போயும் போயும் பெருங்காயமா?" என்றாள். தணிகாசலம் சார் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவளுக்கு மட்டும் தனிச் சட்டியில் சமைத்துக் கொடுக்கிறேன் என்றேன். சார் ஒத்துக்கொள்ளவில்லை. "அவசரத்துல ஒருநாள் கரண்டி மாறும். மாறினா அந்தப் பொண்ணு மறுபடி படுக்கும். வேலையும் போயிடும். தொள்ளாயிரம் பேருக்கும் மாத்திடுங்க" என்றார்.

என் கையை வெட்டுகிற மாதிரி இருந்தது. என் பேரே அந்தத் தண்ணியில்தான் இருந்தது. ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வாயைத் திறப்பது? அன்றைக்குச் சாப்பாட்டு வேளையில் ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்றேன். "எல்லாரும் கேட்டுக்கோங்க! இந்தப் பொண்ணு கையில கீறது ஒட்டுவாரொட்டி இல்ல. நான் போட்ட பெருங்காயத்துல கோதுமை மாவு கீது, அது இதுக்கு ஆவாது. தப்பு எம்மேல. நாளையிலேர்ந்து சாம்பார்ல அது இருக்காது. திட்றதா இருந்தா என்னைத் திட்டுங்க." பரிமளா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

அடுத்த நாளிலிருந்து திட்டினார்கள். "இன்னா மாஸ்டர், சாம்பாரு ஊமையா கீது?" என்றார்கள். பூண்டைத் தட்டிப் போட்டேன், வெந்தயத்தைக் கூட்டினேன். டம்ளர் மறுபடி மேடைக்கு வந்துவிட்டது. அப்போதுதான் சார் பூந்தமல்லியில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் மாவே கலக்காத பால் பெருங்காயம் கிடைக்கிறது என்று விசாரித்துக்கொண்டு வந்தார். தேன்மொழியின் டாக்டரிடமும் காட்டிக் கேட்டாயிற்று. களிமண் உருண்டை மாதிரி பழுப்பாக, கையில் ஒட்டிக்கொண்டு இருந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பழைய அளவிலேயே ஊறப்போட்டேன்.

அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று மறுநாள் தெரிந்தது. மாவு கலந்ததற்கான அளவை, சுத்தப் பிசினுக்குப் போட்டால் என்ன ஆகும்! மூடியைத் திறந்ததும் எனக்கே கண் எரிந்தது. ஆனால் அன்றைக்குச் சமையல் தாமதம், பன்னிரண்டு மணி சங்கு ஊதிவிட்டது, தொள்ளாயிரம் பேர் வரிசையில். ஊற்றிவிட்டேன். அன்றைக்கு ஷிப்ட் முழுக்க ஏப்பம்தான். மெஷின் சத்தத்தை மீறி ஏப்பம் கேட்கிறது என்று சூப்பர்வைசர் ஓடி வந்தார். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் அத்தனையும் திறந்துதான் போனார்களாம். தணிகாசலம் சார் டம்ளரைக் கழுவவும் இல்லை, மேடையில் வைக்கவும் இல்லை. கையோடு எடுத்துப்போய் அலுவலகத்துக்கு வெளியே வைத்துவிட்டார்.

போகப்போக, நெல்லிக்காய் அளவு போதும் என்று கண்டுகொண்டேன். அதைக் கொஞ்சம் நல்லெண்ணெயில் பொரித்து, அப்புறம் வெந்நீரில் கரைக்க வேண்டும். சேகர், இதைக் குறித்துக்கொள். சாம்பார் முன்னைவிட நன்றாக இருந்தது, நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்வது? தேன்மொழி மறுபடி கேன்டீனில் சாப்பிட ஆரம்பித்தாள். தினமும் நோட்டைக் கொண்டுவந்து காட்டுவாள். புள்ளி ஒரேயடியாக மறைந்துவிடவில்லை. தோல் ஆற நாளாகும், மாத்திரையும் சாப்பிட்டாள். வாரத்துக்கு மூன்று என்பது இரண்டாகி, ஒன்றாகி, ஒரு முழுப் பக்கம் புள்ளி இல்லாமல் வந்தது. அந்தப் பக்கத்தை நான் வாங்கி சமையலறையில் எல்லோருக்கும் காட்டினேன். அவள் கன்னத்திலும் கொஞ்சம் சதை பிடித்தது. பயிற்சிக் காலம் முடியும்வரை அவள் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை.

நிரந்தர ஆணை அவள் கைக்கு வந்த அன்று காலையே சார் எனக்குச் சொல்லி அனுப்பினார். எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம். யார் நிரந்தரமானாலும் கேன்டீனில் கோதுமையை ஊறவைத்துப் பாலெடுத்து அல்வா கிண்டுவோம். நிரந்தரமானவர் அதைத் தன் கையால் எடுத்து, லைனில் உள்ள ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் வைக்க வேண்டும். ஸ்பூன், தட்டு எதுவும் கூடாது. நான் கோதுமைக்குப் பதில் பச்சரிசியை ஊறவைத்துப் பாலெடுத்தேன். தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் சேர்த்து, நெய் பிரிந்து வரும்வரை நானே கிண்டினேன், யாரிடமும் துடுப்பைக் கொடுக்கவில்லை.

தேன்மொழி அரைக்கைச் சட்டையில் வந்தாள். முழங்கையில் பழைய தழும்பு கருத்துக் கிடந்ததே தவிர, புதிதாக ஒன்றுமில்லை. தூக்குச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கையை உள்ளே விட்டு எடுத்தவள், யாரிடம் முதலில் நீட்டுவது என்று தயங்கினாள். யாராவது பின்வாங்கிவிட்டால் என்ன செய்வது என்று எனக்கும் பயம்தான்.

பரிமளா வரிசையை விலக்கிக்கொண்டு முதல் ஆளாக வந்து கையை ஏந்தினாள். அல்வாவை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, "இன்னொரு கை வைடி. இன்னா, சுண்டைக்காய் மாரி வைக்கிற?" என்றாள். இரண்டாவதை வாங்கியவள் தன் வாயில் போடவில்லை. பாதி பிட்டு, தேன்மொழி வாய்க்கு நேரே நீட்டினாள். அவள் குரல் அன்றைக்குத்தான் தாழ்ந்து கேட்டேன். "தின்னுடி. நான் அன்னிக்குச் சொன்னதை மனசுல வெச்சிக்காத."

தேன்மொழி வாயைத் திறக்கப் போனவள், நின்றுவிட்டாள். பரிமளாவின் விரலைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். அன்றைக்குக் காலை டிபன் பூரி.

"அக்கா, கை கழுவினீங்களா?"

கேன்டீனே வெடித்துச் சிரித்தது. பரிமளா மட்டும் சிரிக்கவில்லை. இன்னொரு கையை விரித்து அவள் முகத்துக்கு நேரே காட்டினாள். ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டு வாட்டி கழுவினேன்டி. சோப்பு போட்டு."